ஒரு காணிக் களரும் இரண்டு பை மண்ணும்

மண் பரிசோதனைக் கூடம் வைத்திருப்பவனிடம் யாரும் உண்மை தெரிந்துகொள்ள வருவதில்லை. ஏற்கெனவே முடிவு செய்த பதிலில் முத்திரை குத்தி வாங்கிப் போகத்தான் வருகிறார்கள். ரத்தம் சோதிக்கிறவரோ ஜாதகம் பார்க்கிறவரோ இதைப் படித்தால், என் தலையெழுத்து அவருக்குப் புரியும். வில்லியனூர் கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் அறை, நாலு கண்ணாடிக் குடுவை, ஒரு தராசு, இவ்வளவுதான் என் ராஜ்யம். அங்கே பட்டதைச் சொல்கிறேன், கேளுங்கள், சக பாவிகளே.

ஒரே நிலம், இரண்டு பை

ஒரு நாள் காலை அமல்ராஜ் என்பவன் வந்தான். பக்கத்து மாதா கோயில் கிராமம். மூலக்குளத்தில் வீட்டு மனை வாங்கி விற்கும் கூட்டத்தோடு சுற்றிச் சுற்றி, அவனும் அரை புரோக்கர் ஆகியிருந்தான். பை நிறைய வெள்ளைப் பொடியைக் கொட்டினான். தன் அம்மா பேரில் இருக்கும் ஒரு காணி நிலம் பாலைவனமாகிவிட்டது என்றான். அதை மனையாகப் போட வேண்டும். அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். "மண்ணு செத்துப்போச்சுன்னு சோதிக்கிறவரு சொல்லட்டும், அப்புறம் போடுறேன்" என்று சொல்லிவிட்டாளாம். ஆக, ஒரு குடும்பத்தின் சோற்று நிலம் என் ஒரு வரியில் தொங்கியது.

அன்று மத்தியானமே அவன் அம்மா ஆரோக்கியம்மாள் தனியாக வந்தாள். அவள் கையிலும் அதே நிலத்து மண் என்று ஒரு பை. கறுகறுவென்று, பொலபொலவென்று, சாணி வாசனையோடு இருந்தது. உள்ளே ஒரு கத்திரிப் பூவும் கிடந்தது. வீட்டுக் கொல்லைப் பாத்தியில் அள்ளியது என்று குழந்தைகூடச் சொல்லும். மகன் வயலின் வெள்ளைப் பொருக்கை மட்டும் சுரண்டி வந்திருக்கிறான், அம்மா வயலுக்கே போகவில்லை. இரண்டு பையையும் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"பொன்னு வெளையிற நெலம்னு எழுதிக் குடுத்துடு தம்பி. அவன் வாயை அடைக்கணும்."

பரீட்சை எழுத வரும் மண்

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. நம் ஜனங்களுக்கு மண் பரிசோதனை என்றால் பரீட்சை. வயலில் அங்கங்கே குழி வெட்டி, எல்லாவற்றையும் கலந்து, அதில் ஒரு பிடி கொண்டு வாருங்கள் என்று தொண்டை வறளச் சொல்லி அனுப்புவேன். எருக்குழி ஓரத்தில் அள்ளி வருவார்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு எதிரில் பெரிய பெண்ணை உள்ளே தள்ளிவிட்டுச் சின்னவளை நிறுத்துகிற புத்தி!

பாகூரிலிருந்து ஒருவர் வந்தார். தன்னுடையது மணல் பாங்கான நிலம், கடலை போட்டிருக்கிறேன் என்றார். பையில் இருந்ததோ ஏரி வண்டல். கடலை போடும் மணலில் வண்டல் எப்படி வந்தது என்று கேட்டேன். கொஞ்சமாவது வெட்கப்பட வேண்டாமா? நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்:

"என்னுது ஃபெயிலாயிடும் சார், அதான் பங்காளி நெலத்து மண்ண எடுத்தாந்தேன்."

நிஜப் பாலைவனம்

அமல்ராஜ் 'பாலைவனம்' என்றபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் நிஜப் பாலைவனத்தில் சில வருஷம் குப்பை கொட்டியவன். ராஜஸ்தானில் ஆடுமாடு மேய்கிற பொட்டல்களில் மண் எடுக்கும் வேலை. அங்கே ஒரு சாண் தோண்டினால் வெள்ளை வெளேரென்று ஜிப்சம், மாவு மாதிரி. நடுநடுவே பளபளக்கும் சில்லுகள். நாக்கில் வைத்தால் கரிக்காது. ஒரு சொட்டு அமிலம் விட்டால் சுண்ணாம்பு போலப் பொங்காது. மேலே மெல்லிய ஏடு கட்டியிருக்கும்; மந்தை மிதித்து அதை உடைத்துவிட்டால் காற்று அடியில் இருப்பதை வாரிக்கொண்டு போய்விடும். புல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சோகை பிடித்து நிற்கும். எல்லாவற்றையும்விட மோசமான குணம், தண்ணீர் தேங்கினால் அந்த மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து உள்ளுக்குள் பொந்து விழும்.

அந்த மண்ணில் மாடு குடிக்க ஒரு குட்டை வெட்டினார் எங்கள் குழுவின் பொறியாளர். வேண்டாம் சார், கரையும் என்று சொன்னேன். மண்காரன் மண்ணைப் பார், தண்ணீரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மழை வந்தது, குட்டை நிரம்பியது, எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். மறுநாள் காலையில் குட்டையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அடியில் ஆள் இறங்குகிற அளவுக்கு ஓட்டை வாய் பிளந்து கிடந்தது. மனிதர் அந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இந்த ஊர் வெயில் அப்படி. பூரா ஆவியாயிடுச்சு பாருங்க."

கார் போகிற வாய்க்கால்

இரண்டு பையையும் குப்பையில் கொட்டிவிட்டு, மண்வெட்டியோடு நானே அந்த ஒரு காணிக்குப் போனேன். அம்மாவும் மகனும் ஆளுக்கொரு வரப்பில் நின்றார்கள். மேலே வெள்ளைப் பொருக்கு. அதற்குக் கீழே மண்வெட்டிக்கு மசியாத களிமண். கொஞ்சம் எடுத்துத் தண்ணீர்ப் பாட்டிலில் போட்டுக் குலுக்கினேன். டீத்தண்ணீர் போலக் கலங்கியது, தெளியவே இல்லை. நல்ல களர், உப்பேறி இறுகிப்போன மண். ஒரு சிட்டிகை ஜிப்சம் போட்டுக் குலுக்கி வரப்பில் வைத்தேன். சற்று நேரத்தில் மண் அடியில் தங்கி, மேலே தண்ணீர் தெளிந்தது. ஆரோக்கியம்மாள் பாட்டிலைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ராஜஸ்தானில் அளவு மீறிக் கிடந்து நிலத்தைக் கெடுத்த சரக்குதான் இங்கே மருந்து. மண்ணுக்கும் அளவு உண்டு, நமக்குத்தான் இல்லை.

ஆனால் ஜிப்சம் தூவினால் மட்டும் போதாது. தண்ணீர் கட்டி, மண்ணை விட்டுக் கழன்று வரும் கெட்ட உப்போடு அந்தத் தண்ணீரை வெளியே வடிக்க வேண்டும். வடிகால் எங்கே என்று தேடினேன். வாய்க்கால் இருந்த இடத்தில் உடைந்த செங்கல்லும் காரையுமாக மேடு கட்டியிருந்தது. வருஷக்கணக்காகப் போர்வெல் தண்ணீர் பாய்ச்சி, வடிய வழியில்லாமல் அது அங்கேயே வற்றி, உப்பு பூத்து, நிலம் மூச்சு முட்டிக் கிடந்தது. யார் அடைத்தது என்றேன். அமல்ராஜ் என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பது போலப் பார்த்தான்:

"ப்ளாட்டு பாக்க வர்றவங்க கார் உள்ள வரணும்ல சார்? வாய்க்கால்ல இன்னா கப்பலா வுடுறது?"

அதுவும் ஜிப்சம்தானே

'களர். சாகவில்லை. வடிகாலைத் திறந்து ஜிப்சம் இட்டால் தேறும்' என்று எழுதிக் கொடுத்தேன். இருவருக்கும் பிடிக்கவில்லை. பொன் என்று எழுதவில்லை என்று அம்மாவுக்கு வருத்தம், பிணம் என்று எழுதவில்லை என்று மகனுக்குக் கோபம். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள்: ஒரு போகம் பார்ப்பது, நெல் விளையாவிட்டால் ஆரோக்கியம்மாள் கையெழுத்துப் போடுவது. அவள் அன்றே மெஷின் வைத்து வாய்க்காலைத் தோண்டினாள். ஜிப்சம் வாங்கிவரும் பொறுப்பை மகனிடம் கொடுத்தாள். இந்தப் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல!

அவன் ஒரு டிராக்டர் நிறையக் கொண்டுவந்து வயலில் கொட்டினான். போய்ப் பார்த்தேன். மூலக்குளத்தில் எவனோ வீட்டை இடித்துத் தள்ளிய ஃபால்ஸ் சீலிங்! பெயின்ட், அட்டை, மின்விசிறி மாட்டிய ஓட்டை எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு துண்டில் தங்க நிறத்தில் பூ வேலைப்பாடுகூட இருந்தது. நெல் என்ன, அண்ணாந்து படுத்து ரசிக்கப் போகிறதா? வயிறெரிந்து கத்தினேன். அவன் நிதானமாகச் சொன்னான்:

"அதுவும் ஜிப்சம்தான, இதுவும் ஜிப்சம்தான? ஸ்க்ரூ எல்லாம் பொறுக்கிட்டேன் சார்."

நட்டதும் பிடுங்கியதும்

அந்தக் குப்பையை அவனையே வாரவைத்து, உரக்கடையிலிருந்து நல்ல ஜிப்சம் மூட்டைகளை ஆரோக்கியம்மாளே இறக்கினாள். தூவி, உழுது, தண்ணீர் கட்டி, வடித்து, மறுபடி கட்டி, மறுபடி வடித்தாள். வடிந்த தண்ணீர் கறுத்துப் போய் வாய்க்காலில் இறங்கியது. ஊரில் நாலு பேர் சிரித்தார்கள். வயல் வெறும் சேறாகக் கிடந்த அந்த நாளில் அமல்ராஜும் ஒரு வேலை செய்தான். எப்படியும் விளையப் போவதில்லை என்ற தைரியத்தில், மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக் கற்களைக் கொண்டுவந்து வரப்போரம் வரிசையாக நட்டுவிட்டான். பெற்றவள் நாற்று நடுவதற்கு முன்னால் பிள்ளை கல் நட்டான். எனக்கு அந்தப் பையனை அறையலாமா என்றிருந்தது.

அறுவடைக்கு முன்னால் என்னை வரச் சொன்னார்கள். மூலைகளில் பயிர் மஞ்சளாக, குட்டையாகத்தான் நின்றது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நடுவயல் முழுக்கக் கதிர் தலை சாய்ந்திருந்தது. ஆரோக்கியம்மாள் ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் தேய்த்து, வாயில் போட்டு மென்றாள். கையெழுத்துப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அமல்ராஜ் மட்டும் வரப்பைச் சுற்றிச் சுற்றி வந்து, "எம்மா, நான் நட்ட கல்லெல்லாம் எங்க?" என்றான். அவள் வடிகால் பக்கம் கை காட்டினாள். தண்ணீர் விழுகிற வாயில், கரை சரியாமல், மஞ்சள் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. அவள் மென்றதைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:

"நல்ல கல்லுடா. இன்னும் நாலு இருந்தா கொண்டா."

களருக்கு எத்தனை மூட்டை என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுத்துவிடுவேன், வாரிசுக்கு எத்தனை மூட்டை என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.