மூன்று பத்தி மனு

புதுச்சேரிக் கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். பழைய கறுப்புக் கோட்டு, செருப்பில்லாத கால். நாம் சொல்லச் சொல்ல, விஷயத்துக்கு ஒன்றாக இடது கை விரலை மடக்குவார். எழுத எழுத ஒவ்வொன்றாக நிமிர்த்துவார்.

காய்ச்சலில் படுத்ததால் என் மில் வேலை போயிருந்தது. அதைத் திரும்பக் கேட்டு மனு எழுத அவரிடம் போனேன். காய்ச்சல், பிள்ளை செத்தது, வேலை போனது, இத்தனை வருஷம் ஒழுங்காக உழைத்தது எல்லாம் கலந்து சொன்னேன்.

"நில்லுப்பா. ஒண்ணை முடிச்சிட்டு அடுத்ததுக்கு வா."

"எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் வந்துச்சுங்க."

"வர்றது அப்படித்தான் வரும். படிக்கிற மில் தொரைக்கு ஒண்ணொண்ணாத்தான் ஏறும்."

பிரெஞ்சில் எழுதித் தமிழில் சொன்னார். வேலை வேண்டும் என்பது முதல் பத்தி. "தொரை பாதியில எழுந்துட்டாலும் அது போய்ச் சேந்துடும்." அடுத்தது காய்ச்சல். கடைசியில் என் உழைப்பு.

"புள்ள விஷயம் எங்கங்க?"

"எழுதலப்பா. எழுதினா ஐயோ பாவம்னு சொல்லி மடிச்சு வெச்சுடுவாரு. வேலை வராது."

வேலை கிடைத்தது. அவர் செய்தது சரிதான்.

ஆனால் அன்று அவர் மடக்கியது நான்கு விரல். நான்காவதை எப்போது நிமிர்த்தினார் என்று நான் பார்க்கவில்லை.