இருக்கவும் போகவும்

தெருவில் எல்லோரும் அவளைப் பல்லக்கா என்றே கூப்பிட்டார்கள். அவள் பல்லில் ஒரு குறையும் இல்லை, வேலைதான் அப்படி. டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சில் பிளாஸ்டர் கரைத்து ஊற்றி, சிவப்பு மெழுகில் ஈறு வடித்து, அதில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, பல்செட் கட்டித் தருகிற லேபில் இருந்தாள். "ஊரெல்லாம் நீ செஞ்ச பல்லுலதான் சிரிக்குது, நீதான் சிரிக்க மாட்டேங்கிற" என்று கீழ்வீட்டுக்காரி கேலி செய்வாள். அதற்கு மட்டும் லேசாகச் சிரிப்பாள்.

அவளும் அப்பாவும் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். அப்பா பேருந்து ஓட்டியவர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து இருட்டு மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்து, கடைசியில் நடுவில் மிச்சமிருந்த வெளிச்சத்தையும் விழுங்கிவிட்டது. ஆனால் அந்த வீட்டுக்குள் அவரைப் பார்த்தால் பார்வை இல்லாதவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அடுப்பைப் பற்றவைப்பார், கொதிக்கும் சத்தத்தை வைத்தே தேநீரை இறக்குவார், கதவு நிலையில் தோள் உரசாமல் திரும்புவார். பழைய பேருந்தை வளைவில் திருப்பிய அதே அலட்சியம். வாசலைத் தாண்டினால்தான் மகளின் தோளைத் தேடி அவர் கை நீளும்.

அவளுக்கு வேறு இடத்தில் ஒரு கண் இருந்தது. லேபில் அவளோடு வேலை பார்த்த ஒருவர், பல்லுக்கு நிறம் பொருத்துவதில் கைதேர்ந்தவர், நிறக்காரர் என்றே பெயர், துறைமுக ஊருக்குப் போய்ச் சொந்தமாக லேப் வைத்திருந்தார். புறப்படும் முன் அவள் மேஜையருகே வந்து நின்றார்.

"கடல் தெரியற ஜன்னல் பக்கமா ஒரு மேஜை போடப்போறேன். அது உங்களுக்குத்தான்."

"அப்பா இருக்காரே."

"அவரை விட்டுட்டு வாங்கன்னா சொன்னேன்? மாடியில வீடும் இருக்கு."

அவள் மெழுகைச் சூடுபடுத்திக்கொண்டே இருந்தாள். அதன்பின் பல இரவுகள், கண்ணை மூடினால் அந்த மேஜை தெரிந்தது. பார்த்தே இராத கடல், பார்த்தே இராத ஜன்னல். எப்போதாவது அவர் போனில் பேசுவார். பேச்சு பல்லைப் பற்றித்தான் இருக்கும். போனை வைத்த பிறகு வெகுநேரம் வீடு சின்னதாகத் தெரியும்.

இப்படி இருக்கையில்தான் வீட்டுச் சொந்தக்காரர் இறந்துபோனார். வீட்டு விவகாரம் அவர் மாப்பிள்ளை கைக்கு வந்தது. மாப்பிள்ளை வந்த வேகத்தில் ஒரு கடிதத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்கப்போவதில்லை, காலி செய்யவும்.

அதைப் படித்ததும் அவளுக்குப் பயம்தான் வந்திருக்க வேண்டும். வந்ததோ வேறொன்று. பூட்டிக் கிடந்த அறையில் யாரோ ஜன்னலைத் திறந்ததுபோல ஒரு காற்று. நானாகக் கிளம்பவில்லை, கிளம்பச் சொல்லிவிட்டார்கள் என்று மனம் சட்டென்று கணக்குப் போட்டது. மறுகணமே தன்மேல் அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

அப்பாவிடம் சொன்னாள். அவர் எழுந்துபோய்ச் சமையலறைச் சுவரில் கையை வைத்து, கூடம் வரை தடவிக்கொண்டே வந்தார். எப்போதும் அவர் சுவரைத் தொட்டு நடப்பதில்லை.

"ஒருதரம் கண்ணு போச்சு, அதுக்குப் பழகினேன்" என்றார். "ரெண்டாந்தரமும் போகணும்போல."

மறுநாள் வேலை முடிந்ததும் அவள் வாடகைதாரர் சங்கத்துக்குப் போனாள். இரும்புச் சாமான் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மின்விசிறி, வளவளவென்று பேசுகிற ஓர் அம்மாள். ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்த அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"இதை நீ படிச்சியா?"

"கையெழுத்துப் போட்டப்போ படிச்சது."

"அப்போ மறுபடி கேட்டுக்கோ. ரெண்டு பேருல யாருக்குத் தொடர இஷ்டமில்லைன்னாலும் மூணு மாசம் முன்னாடியே எழுத்துல சொல்லணும். சொல்லலைன்னா பழைய வாடகைக்கே இன்னும் ஒரு வருஷம் தானா ஓடும். உங்க ஆளு கடைசி மாசத்துல வந்து கடிதம் செருகியிருக்கார். கல்யாணம் முடிஞ்ச பிறகு பொண்ணு பார்க்க வந்த கதை. இது செல்லாதும்மா. நீ நிம்மதியா வீட்டுக்குப் போ."

அவள் நன்றி சொல்லிவிட்டு இறங்கினாள். படியின் பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிம்மதியாகப் போகச் சொல்லியிருக்கிறார்கள், கால்தான் நகரவில்லை. திறந்த ஜன்னல் மறுபடி சாத்திக்கொண்டது. செல்லாது என்ற ஒரு சொல் அப்பாவுக்கு வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அவளிடமிருந்து எதையோ பிடுங்கியும் விட்டது.

சொல்லாமல் விட்டால் என்ன? அப்பாவுக்கு யார் வந்து படித்துக் காட்டப் போகிறார்கள்? இந்த எண்ணம் பேருந்தில் அவள் கூடவே வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் அப்பா தரையில் உட்கார்ந்து கோப்பைகளைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் சுற்றும் முன் விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அதைப் பிரிங்கப்பா" என்றாள். "நாம போக வேண்டாம்."

விஷயத்தைக் கேட்டவர் குழந்தைபோல எழுந்து தேநீர் போடப் போனார். சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டார். அவள் முகம் சுளிக்காமல் குடித்தாள்.

மாப்பிள்ளை நேரில் வந்தபோது முதலில் தாம் தூம் என்று குதித்தார்.

"மூணு மாசம் முன்னாடியே சொல்லணும்னு எனக்கு யாரு சொன்னா?"

"உங்க மாமனார் கையெழுத்துப் போட்ட காகிதம் சொல்லுது. பாருங்க."

பார்த்தார். குரல் தானாக இறங்கிவிட்டது. பழைய ஒப்பந்தம் மாமனார் பெயரில் இருக்கிறது, தன் பெயருக்கு மாற்றிப் புதிதாக எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். அவள் சம்மதித்தாள், ஒரு வரி சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. வீட்டுக்காரர் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும், வாடகைக்கு இருப்பவர் எப்போது வேண்டுமானாலும் ஒரு மாதம் முன்பு சொல்லிவிட்டுப் போகலாம்.

"எங்கயாவது போற எண்ணமா?"

"எண்ணத்துக்கு யாரும் வாடகை கேக்கறதில்லையே" என்றாள்.

ஒப்பந்தத்தில் அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் அவள் உரக்கப் படித்துக் காட்டினாள். அந்த வரி வந்ததும் அவர் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார்.

"இது யாருக்கும்மா?"

"எனக்குத்தான்ப்பா" என்றாள். நிறக்காரரைப் பற்றி, ஜன்னல் பற்றி, மேஜை பற்றிச் சொன்னாள். இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. சொல்லி முடித்தபோதுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவள் குரல் வந்த திசைக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலையில், "அந்த ஊரை எனக்கு ஒருதரம் காட்டு" என்றார்.

ரயிலில் போனார்கள். நிறக்காரர் நிலையத்துக்கே வந்து அப்பாவின் கையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். லேபுக்கு மேலே வீடு வெளிச்சமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல் அவள் நினைத்ததைவிடச் சாம்பலாக, பெரியதாக இருந்தது. மேஜையும் இருந்தது. அதன்மேல் ஒரு சாமானும் வைக்காமல் துடைத்து வைத்திருந்தார்.

அப்பா வீட்டைத் தெரிந்துகொள்ளத் தானே கிளம்பினார். கட்டில் முனையில் முழங்காலை இடித்துக்கொண்டார். குளியலறை என்று நினைத்துப் படிக்கட்டுக் கதவைத் திறந்துவிட்டார், அவள் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர் கட்டிலின் ஓரத்திலேயே கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யார் வீட்டுக்கோ விருந்துக்கு வந்தவர்போல.

"பழகிடுவேன்மா" என்றார். "கொஞ்ச நாள் குடு."

பழகுவார்தான். அவளுக்கும் அது தெரியும். ஆனால் அந்தக் கொஞ்ச நாளையும் அவர் அப்படியே உட்கார்ந்துதான் கழிப்பார் என்பதும் தெரிந்தது. அவள் மேஜையை ஒருமுறை உள்ளங்கையால் தடவினாள். உட்காரவில்லை.

திரும்பும்போது ரயில்மேடையில் நிறக்காரர் நின்றார். "மேஜை இருக்கும்" என்றார்.

"வேற ஆளைப் போடுங்க. இல்லாட்டி வேலை கெடும்" என்றாள்.

அவர் உடனே போடவில்லை. அந்தத் தாமதம்தான் அவளை ரொம்ப நாள் வருத்தியது. வேலை குவிந்த பிறகு ஓர் இளம்பெண்ணைச் சேர்த்துக்கொண்டதாகப் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார். நல்லது என்றாள். அன்று லேபில் ஒரு பல்செட்டின் முன்பற்களை நட்டுப் பிடுங்கி, மறுபடி நட்டு, சாயங்காலம் வரை அது அமையவே இல்லை.

இதையெல்லாம் அவள் சொல்லாமலே அப்பா கேட்டுக்கொண்டிருந்தார் போலும். அடுத்த வருடம் ஒருநாள், அவரோடு பல காலம் பேருந்தில் ஓடிய கண்டக்டர் மாமா பெட்டியோடு வந்து இறங்கினார்.

"பொண்டாட்டி போனதுலேர்ந்து இவனுக்கு வீட்டுல இருப்புக் கொள்ளலை" என்றார் அப்பா. "பத்து நாள் எங்கூட இருக்கட்டும். நீ அந்தக் கடல் ஊருக்குப் போயிட்டு வா. அங்க வேலை அதிகமாம், கைக்கு ஆள் வேணும்னு அவரே சொன்னார்."

"அவர்கிட்ட நீங்க எப்போ பேசினீங்க?"

"நீ வேலைக்குப் போன பிறகு வீட்ல எனக்கு வேற என்ன வேலை?"

போனாள். இளம்பெண் ஒதுங்கி இடம் கொடுத்தாள். நிறக்காரர் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பல்லுக்கு நிறம் பார்த்தார். அதிகம் பேசிக்கொள்ளவில்லை. மாலையில் இருவரும் கரையோரமாக நடந்தார்கள். பத்து நாளும் கைக்குள் நீர்போல ஓடிவிட்டது. அதன்பின் ஒவ்வொரு வருடமும் மாமா வருவதும் அவள் போவதும் வழக்கமாகிவிட்டது.

ஊர் திரும்பும் ரயிலில் அவள் எப்போதும் கடல் பக்கத்து இருக்கையைத்தான் கேட்டு வாங்குவாள். தண்டவாளம் வளைந்து உள்நாட்டுக்குள் திரும்பும் இடத்தில் தண்ணீர் ஒரு கோடாகச் சுருங்கும். கோடு மறைந்த பிறகும் அவள் கழுத்தைத் திருப்பியபடியேதான் இருப்பாள்.