சங்கிலியைப் போடாதவன் நான்

கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்கு ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் நெல் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் இரும்பு மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்பார்கள். யூஜின் பதினான்கு வருடம் பாதை ஓட்டினார். மாரியில் வாவி கறுத்துக் கிடக்கும்போதும், இயந்திரத்தடியில் அவர் நிற்கிறார் என்றால் சனம் பயமில்லாமல் ஏறும். காலையில் முதல் பயணத்துக்கு முன் சிலுவை அடையாளம் இட்டு, கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லிவிட்டுத்தான் இயந்திரத்தைத் தொடுவார். சைவக்காரர்களும் அது முடியும்வரை பேசாமல் நிற்பார்கள்.

போன வருடம் புரட்டாதியில் அந்த விபத்து நடந்தது. ஏற்றியவை நழுவாமல் பாதையின் வாய்க்குக் குறுக்கே சங்கிலி கொழுவுவது ரதீசின் வேலை. யூஜினைவிட இரண்டு மூன்று வயதுதான் குறைவு. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அன்று ரதீஸ் பின்பக்கத்தில் யாரோ ஏற்றிய பசுவைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீ மாட்டைப் பார். சங்கிலியை நான் போடுறன்" என்றார் யூஜின்.

அந்நேரம் தொலைபேசி அடித்தது. பேசிக்கொண்டே போய் இயந்திரத்தை முடுக்கிவிட்டார். சங்கிலி போடாமலே பாதை புறப்பட்டது.

அக்கரைத் துறையில் பாதை இடித்தபோது, முன்னால் நின்ற மோட்டார் சைக்கிள் விதைநெல் மூட்டையோடு நழுவியது. அது கொக்கட்டிச்சோலைப் பக்கத்து விவசாயி வீரகத்தியுடையது. வண்டியைப் பிடிக்கப் பாய்ந்தவரின் இடது கால் இரும்புக்கும் கற்கட்டுக்கும் நடுவில் நசுங்கியது.

கந்தோரில் அதிகாரிகள் நடத்திய விசாரணையில் யூஜினிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். சங்கிலி போடுவது யாருடைய பொறுப்பு?

"ரதீஸ்ட" என்றார்.

ஏட்டின்படி அது சரியான பதில். ரதீசிடம் ஒன்றும் கேட்காமலே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வெளியே வந்ததும் ரதீஸ் கேட்டார்:

"அண்ணன், நீங்கதானே போடுறன் எண்டு சொன்னீங்க?"

யூஜின் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

அடுத்த நாள் காலையில் செபத்தில் மன்னிப்பைக் கேட்கும் வரி வந்தபோது வாய் எழவில்லை. அந்த வரியை விழுங்கிவிட்டு மிச்சத்தைச் சொன்னார். வீட்டில் செபமாலை சொல்லும்போது தன் முறை வந்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். மனைவி டெல்மா கவனித்தாள், கேட்கவில்லை. இப்படியே ஆறு மாதம் போனது.

தவக்காலம் வந்தது. யூஜின் கோயிலில் பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலில் நின்றார். வேலையில் கவனக்குறைவாக இருந்ததைச் சொன்னார். "வேற?" என்று கேட்டார் சுவாமி. மற்றதும் வெளியே வந்தது. பசு, தொலைபேசி, விசாரணை, ரதீஸ் கேட்ட கேள்வி எல்லாம்.

"கடவுள் உங்கள மன்னிக்கிறார். அதில சந்தேகப்பட வேணாம்" என்றார் சுவாமி. "ஆனா ரதீஸ்ட நல்ல பேர் இன்னும் உங்கட கையிலதான் கிடக்கு. அதைத் திருப்பிக் குடுக்க வேணும்."

"வேலை போயிரும் சுவாமி."

"போகலாம்."

யூஜின் வெளியே வந்து முகம் கழுவினார். பயம் இருந்தது, என்ன செய்ய வேண்டும் என்பதில் மட்டும் சந்தேகமே இருக்கவில்லை. வீட்டுக்குப் போய் டெல்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஆறு மாசமா எனக்குக்கூடச் சொல்லல்லயே நீங்க" என்று அவள் கோபப்பட்டாள். தைத்துக்கொண்டிருந்த பாடசாலைச் சட்டையை மடித்து வைத்தாள். "சரி, போய்ச் சொல்லுங்க. என்ட தையல் மெசின் ஓடும்தானே."

மறுநாள் லீவு போட்டுவிட்டு, செட்டிபாளையத்தில் சீமெந்துக் கல் செய்யும் இடத்துக்குப் போனார். ரதீஸ் அங்கேதான் கூலிக்கு நின்றார்.

"சங்கிலியைப் போடாதவன் நான். அதை மறைச்சதும் நான்தான். மன்னிப்புக் கேட்க வந்தன்."

ரதீஸ் கையிலிருந்த கல்லை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "எனக்குத் தெரிஞ்சதை எனக்கே சொல்லி என்ன செய்ய? கால் போன மனிசனிட்டச் சொல்லுங்க. கந்தோரில சொல்லுங்க. மறுகா மன்னிப்பைப் பாப்பம்."

"இப்பவே போறன். நீயும் வா. உனக்கு முன்னால சொல்றன்."

வீரகத்தி முற்றத்து நிழலில் ஊன்றுகோலைப் பக்கத்தில் சாத்திவிட்டு இருந்தார். ரதீசைக் கண்டதும் அவர் முகம் இறுகியது. அவர் உட்காரச் சொல்லும்வரை யூஜின் காத்திருக்கவில்லை. நின்றபடியே, ஒன்றையும் குறைக்காமல் சொல்லி முடித்தார். வீரகத்தி தன்னை ஏசுவார் என்றுதான் நினைத்தார்.

வீரகத்தி அவர் பக்கம் திரும்பவே இல்லை. ரதீசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஆறு மாசமா ஈஸ்வரனுக்கு முன்னால நிண்டு உன்ட பேரைச் சொல்லித்தான் சாபம் போட்டன். உன்ட புள்ளைக்கும் சேத்து. ஒரு பிழையும் செய்யாத ஆளை." கைகளைக் கூப்பினார். "என்னைப் பொறுத்துக்கொள்ளு மகன்."

ரதீஸ் அவர் அருகில் போனார். குனிந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "விடுங்க ஐயா, உங்களுக்குத் தெரியாதுதானே."

பிறகுதான் வீரகத்தி யூஜினிடம் திரும்பினார். "உன்னில எனக்குக் கோபம் இருக்கு. அது போகக் கொஞ்ச நாள் எடுக்கும். ஆனா வந்து சொன்னாய். அது பெரிய காரியம்."

யூஜின் அன்றே நடந்ததையெல்லாம் கடிதமாக எழுதிக் கந்தோரில் கொடுத்தார். மாலையில் வீட்டில் செபமாலையை அவரே தொடங்கினார். ஒரு வரியையும் விழுங்காமல் சத்தமாகச் சொன்னார். இரண்டு வாரத்தில் ரதீசைத் திரும்ப எடுத்தார்கள். யூஜினை நிறுத்தினார்கள். அவர் மறுத்து ஒரு வார்த்தை எழுதவில்லை.

சித்திரையில் சிறுபோக உழவு தொடங்கியதும் வீரகத்தியிடமிருந்து அழைப்பு வந்தது.

"இடது காலால கிளச் மிதிக்க ஏலாது. உழவு மெசின் ஓடுவியா?"

"பழகினா ஓடுவன் ஐயா."

அன்றிலிருந்து யூஜின் அவருடைய வயல் வட்டையில்தான் மெசின் ஓட்டுகிறார். முதல் நாள் வரம்பை உடைத்ததற்கு வீரகத்தி தாராளமாக ஏசினார். இப்போது ஏச்சுக் குறைந்துவிட்டது. பத்து மணித் தேத்தண்ணியை இரண்டு பேரும் ஒன்றாகத்தான் குடிக்கிறார்கள்.

ரதீஸ் பல மாதம் கண்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார். ஆடியில் ஒருநாள் வயல் வரம்பிலேயே வந்து நின்றார்.

"மகளுக்குக் காதுகுத்து அண்ணன். வாற ஞாயிறு. அண்ணியையும் கூட்டிட்டு வாங்க."

"ஓம், பூசை முடிஞ்ச கையோட வாறம்" என்றார் யூஜின்.

வேலை முடிந்ததும் ஞாயிறு வேறு அலுவல் இருக்கிறது என்று வீரகத்தியிடம் சொல்லப் போனார்.

"எனக்கும்தான் சொல்லியிருக்கிறான்" என்றார் வீரகத்தி. "நெல் ஏத்துற பெட்டியைக் கழுவிப் பின்னால கொழுவு. எல்லாரும் மெசின்லயே போவம்."