ஐந்தாவது கவிதைக்கு ஆள் இல்லை

ஜப்பானில், மத்சுயாமா நகரத்தில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருபது வருடமாக உட்கார்ந்திருப்பவர் ஒச்சி சனாயே. காலை டிராமில் ஏறி உட்கார்ந்ததும் அவருக்குக் கண் சொருகும். அந்த அரைத் தூக்கத்திலேயே, போனில் நோட்ஸ் ஆப்பைத் திறந்து ஒரு ஹைக்கூ எழுதிவிடுவார். எழுதியது நினைவில் இருக்காது. மதியம் சாப்பாட்டுப் பெட்டியோடு கம்ப்யூட்டரில் அதே ஆப்பைத் திறந்தால், காலையில் எழுதியது அங்கே வந்து காத்திருக்கும். உடனே திருத்த ஆரம்பிப்பார். திருத்தித் திருத்தி அதன் உயிரை எடுத்துவிடுவார் என்பது என் கட்சி.

எங்கள் ஹைக்கூ வட்டத்துக்கு நான்தான் அமைப்பாளர். மாதாமாதம் ஆளுக்கு ஐந்து கவிதை அனுப்புவார்கள். பெயரை எடுத்துவிட்டு, கலைத்து, ஒரே தாளில் அச்சடிப்பேன். யார் எழுதியது என்று தெரியாமல் பிடித்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தன்னுடையதைத் தானே தேர்ந்தெடுப்பதைப்போல் வெட்கக்கேடு எங்களுக்குள் வேறில்லை. கடைசியாகத் தலைவரும் தன் தேர்வை வாசித்த பிறகுதான், தேர்வான கவிதையை எழுதியவர் தன் பெயரைச் சொல்வார். தலைவர் கோனோ, நாங்கள் சென்செய், அதாவது ஆசான், என்று அழைக்கும் மருந்துக்கடைக்காரர், சனாயேவைவிடப் பத்து வயது இளையவர். பதினொரு வருடத்தில் சனாயேவின் கவிதையை அவர் ஒருமுறைகூட எடுத்ததில்லை.

"இந்த மாசமும் இல்லேன்னா நான் நின்னுக்கறேன், நிஷிமோதோ-சான்," என்று மார்ச் மாதம் சனாயே என்னிடம் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அந்த மாதக் கூட்டத்தன்று, ஞாயிற்றுக்கிழமை, தாளைக் கையில் வாங்கியதுமே அவர் முகம் விழுந்துவிட்டது. என் காதருகே குனிந்தார்.

"என் அஞ்சாவத விட்டுட்டீங்க."

"நீங்க அனுப்பினத அப்படியே போட்டிருக்கேன்."

"பிளம் மரத்தப் பத்தி. வெள்ளிக்கிழம மத்தியானம் பூரா அதுக்கே போச்சு."

"மரமும் வரல, பூவும் வரல."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு எழுத்தைக்கூட நான் விட்டதில்லை.

தேர்வுகளைச் சொல்லும் நேரம் வந்தது. சனாயே எழுந்து, தனக்கு மிகவும் பிடித்ததை வாசித்தார்.

வசந்த மழை
பக்கத்தில் இருப்பவர் நகர்கிறார்
என் தூக்கத்துக்கும் இடம்விட்டு

எனக்கு உடம்பு கூசியது. அது அவருடையதேதான். பதினொரு வருட ஆசை ஒரு மனுஷியை இப்படியா ஆக்கும் என்று தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

கடைசியாகக் கோனோ எழுந்தார். அவரும் அதையே வாசித்தார். பிறகு எல்லோரும் பெயருக்காகக் காத்திருந்தோம். பெயர் வரவில்லை.

"யாருது?" என்றார் கோனோ.

"ஒச்சி-சான், உங்களுதுதான்," என்றேன், சற்றுக் கடுப்பாகவே.

"இல்லவே இல்ல."

"உங்க போன எடுத்துப் பாருங்க."

எடுத்தார். ஐந்தாவது அங்கே இருந்தது. வெள்ளிக்கிழமை, காலை எட்டு பத்து. அன்றைக்கு என்ன கோளாறோ, போனில் எழுதியது கம்ப்யூட்டருக்குப் போகவில்லை. ஒன்றும் எழுதவில்லை போல என்று நினைத்து அவர் அங்கே பிளம் மரத்தை எழுதினார். அது போனுக்கு வரவில்லை. மாலையில் போனில் இருந்ததைப் படித்துக்கூடப் பார்க்காமல் எனக்கு அனுப்பியிருக்கிறார். அவரைத் தப்பாக நினைத்ததற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

சனாயே காது வரை சிவந்துவிட்டார். "இத நான் எழுதல, சென்செய். தூக்கத்துல வந்திருக்கு."

"உங்க ஓட்டு செல்லாது," என்றார் கோனோ. "என் ஓட்டு செல்லும். தூங்கற ஒச்சி-சானையே அடுத்த மாசமும் அனுப்பி வைங்க. மத்தியானம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்றவங்க கொஞ்சம் லீவு எடுத்துக்கட்டும்."

அறை முழுக்கச் சிரித்தது. சனாயே சிரிக்கவில்லை. போனை மார்போடு பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"சனாயே," என்றார். பதினொரு வருடமாக இந்த இடத்தில் சொல்வதற்காக வைத்திருந்த பெயர். என் கண்ணும் நனைந்தது.

மறுநாள் காலை டிராமில் அவரைப் பார்த்தேன். கையில் போன், கண் மூடியிருந்தது, விரல் மட்டும் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அவர் இறங்க வேண்டிய ஒகாய்தோ நிறுத்தம் வந்தது, போனது. நான் எழுப்பவில்லை.