குதிரைக்கு வைத்த பொங்கல்

மலாயாவில், லகாட் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் துரை வைத்திருந்த பெண் குதிரையை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்கோபம் அதிகம். அதன் தீனியில் யார் கை வைத்தாலும் சண்டைக்குப் போவேன். லயத்து வீடுகளில் இருந்த தோட்டத்துச் சனங்களுக்கு அது தெரியும். அதனால் மாட்டுப் பொங்கலன்று நான் கொள்ளு வாங்க ஈப்போவுக்குப் போகும்வரை காத்திருந்திருக்கிறார்கள்.

திரும்பி வந்தபோது குதிரையின் நெற்றியில் குங்குமம், கழுத்தில் மாலை. வண்டி மாடுகளுக்கு ஊட்டிய கையோடு, வீட்டுக்கு வீடு சர்க்கரைப் பொங்கலைக் கொண்டுவந்து இதற்கும் ஊட்டியிருந்தார்கள். தொட்டியில் மிச்சம் ஒட்டிக்கிடந்தது.

“மாட்டுக்கு மட்டும் வச்சா இது மொகத்த எப்படிப் பாக்குறது, அண்ணே? இதுவும் நம்ம தோட்டத்துச் சீவன்தானே,” என்றாள் பால்மரம் சீவும் ஒருத்தி.

“மாட்டு வயிறு வேற, குதிரை வயிறு வேற. கேட்டுட்டுச் செய்ய வேணாமா?” என்று கத்தினேன்.

மறுநாள் அது முன்னங்கால்களை நீட்டி, பாரத்தைப் பின்னால் போட்டு நின்றது. ஓர் அடி எடுக்கவில்லை. தொட்டுப் பார்த்தேன். முன்குளம்பு இரண்டும் கொதித்தன. குளம்புக்கு மேலே நாடி விரலை உதைத்தது. வயிற்றுவலி என்றால் குதிரையை நடக்க வைப்போம். குளம்பு நோயில் நடக்க வைத்தால் குடி கெட்டது. லாடத்தைக் கழற்றி, கொள்ளுத் தீனியை நிறுத்தி, ஓடைத் தண்ணீரை வாளி வாளியாகக் கால்களில் ஊற்றினேன். வேலை விட்டதும் அந்தப் பால்மரம் சீவுகிறவளும் லயத்துப் பெண்களும் வந்து தண்ணீர் சுமந்தார்கள். கோபத்தில் யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை.

ஈப்போவிலிருந்து வந்த குதிரை டாக்டர் மலாய் மொழியில் விளக்கினார். அரிசியும் சர்க்கரையும் அளவு மீறி வயிற்றுக்குள் போனதால் குளம்புக்குள் வீக்கம், உள்ளே எலும்பைப் பிடித்திருக்கும் சதை விடாமலிருந்தால் பிழைக்கும், விட்டால் எலும்பு இறங்கிவிடும். நிற்க மெத்தென்று மணல் பரப்பச் சொன்னார். பரப்பினோம். பிழைத்துவிடும் என்றே நம்பினேன்.

அடுத்த முறை வந்தபோது டாக்டர் குளம்பின் அடியைக் காட்டினார். பிறை போல ஒரு புடைப்பு. எலும்பு இறங்கியிருந்தது. துரை துப்பாக்கி எடுக்கப் போனார்.

கொட்டகைக்குள் சுட்டால் உடலை வெளியே எடுப்பது கஷ்டம், வெளியே கொண்டுவா என்றார்கள். கயிற்றை இழுத்தும் அது அசையவில்லை. அந்தக் கால்களோடு எப்படி அசையும்? எனக்கு அழுகை வந்தது. கயிற்றை விட்டுவிட்டு வெளியே போய் நின்று, எப்போதும் கூப்பிடுவது போல, “வா தாயி” என்றேன்.

வந்தது.