ஒட்டாத மூலை

அக்கா கையுறையைக் கழற்றிய விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஊதா நிற ரப்பர் கையுறை. மற்றவர்கள் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவிக் குப்பையில் எறிவார்கள். அக்கா அன்று ஒவ்வொரு விரலாகத் தளர்த்திக் கழற்றினார். இரண்டையும் உள்ளங்கையால் நீவி, வேலை மேசையின் ஓரத்தில் அருகருகே வைத்தார். டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான். அந்த நேரத்தில் என் மனத்தில் என்ன ஓடியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அக்கா போன பிறகு அந்தக் கையுறைக்குள் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். பார்க்கவும் பார்த்தேன்.

நான் பிறவிச் சந்தேகப் பிராணி. பாசாரில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லோரும் செய்வது. நான் வீட்டுக்கு வந்த பிறகும் ஒருமுறை தூக்கிப் பார்ப்பேன், நடுவழியில் யாரோ மாற்றிவிட்ட மாதிரி. பத்து பெரண்டாம் என்ற ஊரில் விமானப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பதினேழு வருஷம் தரப் பரிசோதகனாக இருந்தேன். அந்த வேலையில் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். கார்பன் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பசையில் இறுக்கிச் செய்த பாகம் வெளியே பார்க்க எல்லாம் ஒரே கறுப்பாகத்தான் இருக்கும். உள்ளே ஒட்டியிருக்கிறதா என்பதைக் காதுதான் சொல்லும். ஐம்பது காசு நாணயத்தால் தட்டிக்கொண்டே போக வேண்டும். ஒட்டிய இடத்தில் கணீரென்று ஒலிக்கும். ஒட்டாத இடத்தில் தொப்பென்று செத்த சத்தம் வரும். பரிசோதிக்க இயந்திரங்கள் வந்த பிறகும் காசால் தட்டாமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

அந்தக் கம்பெனியில் துணி அடுக்கும் பிரிவில் இருந்தவர் அக்கா. உடன் பிறந்தவர் இல்லை. ஜாசின் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, ஜாசினில் தாமான் என்று சொல்லும் வீடமைப்புப் பகுதி ஒன்றில் குடியிருந்தவர். வயதில் எனக்கு எட்டு மூத்தவர். அதனால் அக்கா. அவர் அடுக்கிய பாகத்தில் ஒரு தடவைகூட எனக்குச் செத்த சத்தம் கேட்டதில்லை. மற்ற பரிசோதகர்கள் அதைப் பார்த்து மெச்சுவார்கள். நானோ இவ்வளவு சுத்தமாக ஒரு மனுஷியால் எப்படிச் செய்ய முடியும் என்று இரண்டாம் தடவையும் தட்டுவேன். “தட்டு தம்பி, நல்லா தட்டு. ஒன்னும் கேக்காது லா” என்று சிரித்துக்கொண்டே அடுத்த துணியை எடுப்பார்.

கம்பெனி ஆள் குறைத்தபோது எங்கள் இருவருக்கும் வேலை போயிற்று. நான் புக்கிட் ரம்பாயில் ஒரு கடைவீட்டை எடுத்துச் சின்னப் பட்டறை போட்டேன். காருக்கு முன்மூடி, பின்னால் வைக்கும் இறக்கை என்று இளவட்டங்கள் கேட்டதையெல்லாம் கார்பனில் செய்தோம். அக்கா ஜாசினிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். இப்படிப் போய்க்கொண்டிருந்த பட்டறைக்குள் ஒருநாள் டாக்டர் நுழைந்தார்.

டாக்டர் ஓய்வுபெற்றவர். தன் வீட்டின் பின்னால் பெரிய கொட்டகை போட்டு, அதற்குள் விமானம் கட்டிக்கொண்டிருந்தார். பொம்மை இல்லை. பழைய போர் விமானம் ஒன்றின் நகல், அளவில் அசலுக்கு முக்கால் பங்கு. ஏறி உட்கார்ந்து தானே ஓட்டப்போவதாகச் சொன்னார். ஒரு மனிதர் அறுபது வயதுக்கு மேல் தனக்குத்தானே விமானம் கட்டுகிறார் என்றால் எனக்கு என்ன தோன்றும்? காப்புறுதி எடுத்திருக்கிறாரா, குடும்பத்துக்குத் தெரியுமா என்றெல்லாம் விசாரித்தேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பொறுமையாகப் பதில் சொல்கிறவர்களையும் எனக்குச் சந்தேகம்.

முதலில் என்ஜின் மூடியும் சக்கர மூடிகளும் செய்து கொடுத்தோம். அவை எளிது. கடைசியாகக் கேட்டதுதான் வில்லங்கம். வாலில் மேலும் கீழும் அசையும் பலகை. விமானத்தின் மூக்கை ஏற்றுவதும் இறக்குவதும் அதுதான். அது கைவிட்டால் டாக்டர் தரைக்கு வருவது ஒரே வழியில்தான். கார்பனில் மெல்லிய மேல்தகடு செய்து, அது இறுகிய பின் உட்புறத்தில் விலா எலும்பு மாதிரி சட்டங்களைப் பசை போட்டு ஒட்ட வேண்டும். ஒட்டுகிற பரப்பில் தூசியோ பிசுக்கோ இருந்தால் பசை பிடிக்காது.

அதனால் கம்பெனி விதியைப் பட்டறைக்குள் கொண்டுவந்தேன். சாயங்காலம் அக்கா மேல்தகட்டின் உட்புறத்தை மணல்தாளால் தேய்த்து அசிட்டோனால் துடைப்பார். நான் பார்த்து ஒப்புதல் சீட்டு ஒட்டி பிளாஸ்டிக் தாளால் மூடுவேன். காலையில் அக்கா வந்து நேரே பசை போட வேண்டியதுதான். சீட்டு ஒட்டிய பிறகு யாரும் தொடக்கூடாது.

“காலையில பசை போடறதுக்கு முன்னால இன்னொரு வாட்டி தொடச்சிக்கிறேனே தம்பி?” என்று அக்கா கேட்டார்.

“நான் பார்த்துச் சீட்டு ஒட்டியாச்சு அக்கா. என் சீட்டு மேலேயே சந்தேகமா?”

“சந்தேகம் இல்ல லா. கைப்பழக்கம்.”

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் துடைக்கும் துணி சுத்தமா என்று எனக்குச் சந்தேகம்.

முதல் பலகை செய்து முடித்துத் தட்டினேன். எல்லா இடமும் கணீர். கீலுக்குப் பக்கத்து மூலையில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குத் தொப். அறுத்துப் பார்த்தால் பசை சட்டத்தோடு இருந்தது, தகட்டைப் பிடிக்கவே இல்லை. தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று செய்தோம். அதே மூலை, அதே அகலம், அதே செத்த சத்தம். தற்செயல் ஒரு தடவை வரும். இரண்டு தடவை ஒரே மூலையில் வந்தால் அதற்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது. அந்தப் பட்டறையில் வேலை செய்த கை அக்காவுடையது.

அப்புறம் அக்கா செய்த எல்லாமே எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. போன் வந்தால் பின்கட்டுக்குப் போய்ப் பேசினார். யாரோடு? ஏப்ரன் பையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பொட்டலம் வைத்திருந்தார். நான் பக்கத்தில் போனால் உள்ளே தள்ளினார். கைக்குப் பூசும் கிரீமோ? தலைக்கு என்ன எண்ணெய் என்று கேட்டேன். தேங்காய் எண்ணெய் என்றார். மறுநாளிலிருந்து எண்ணெய் வைக்காமல், தலையைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு வந்தார். கேட்டவுடன் நிறுத்திவிட்டாரே, அப்படியென்றால் தெரிந்தேதான் இருந்தாரோ என்று அதையும் கணக்கில் வைத்தேன். ஒருநாள் கண்ணாடித் துண்டில் உள்ளங்கையைப் பதிக்கச் சொல்லி, பிசுக்கு இருக்கிறதா என்று தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். என் முகத்தைப் பார்க்காமல் பதித்துவிட்டுப் போனார். இருபது வருஷத்துக்கு மேல் விமானத் துணி அடுக்கிய கை அது. கடைசியில் மேசைக்கு மேலே ஒரு கேமராவை மாட்டினேன். மாட்டியதை அவரிடம் மறைக்கவும் இல்லை.

மூன்றாவது பலகையை நான் தட்டும்போது டாக்டரும் இருந்தார். அந்த மூலைக்கு வந்ததும் தொப். டாக்டருக்கே கேட்டது.

“என்னா பாஸ், அகெயின்?”

“மெட்டீரியல் நல்ல மெட்டீரியல் டாக்டர். அளவும் சரி. கைதான் சரியில்ல” என்றேன். யாருடைய கை என்று அவர் கேட்கவில்லை. திரும்பி அக்காவைப் பார்த்தார்.

“என் கையவா சொல்ற தம்பி?” என்றார் அக்கா. நான் காசால் அந்த மூலையை இன்னொரு தரம் தட்டினேன். அப்போதுதான் கையுறையைக் கழற்றினார். வெளியே மோட்டார் கிளம்பும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை ஆதாரம் தேடி கேமராப் பதிவைப் போனில் ஓட்டினேன். சாயங்காலம் அக்கா தேய்க்கிறார், துடைக்கிறார், நான் சீட்டு ஒட்டுகிறேன். பின்கட்டுக்குப் போகும் வழியில் அக்கா அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, ‘அசாம் போய்’ என்ற பழம் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார். உப்பும் புளிப்புமான அந்தக் காய்ந்த பழத்தைத்தான் வேலை நேரத்தில் தின்னக்கூடாது என்று நான் தடுத்திருந்தேன். ராத்திரி முழுக்க யாரும் வரவில்லை. காலை ஏழேகாலுக்குக் கதவு திறக்கிறது. வருவது நான். சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றித் திரியை விரலால் தூண்டுகிறேன். மேசைக்கு வருகிறேன். அக்கா துடைத்தது சரிதானா என்று பிளாஸ்டிக் தாளின் மூலையைத் தூக்கிப் பார்க்கிறேன். பிறகு, எண்ணெய் ஒட்டிய அதே விரல்களால் தகட்டின் மூலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். தாளை மூடிவிட்டுப் போகிறேன்.

காரில் ஏறினால் ஸ்டீயரிங்கைத் தொட்டு ஒற்றிக்கொள்வேன். கடை திறந்தால் கதவு நிலையை. செய்கிறேன் என்ற நினைப்பே இல்லாமல் செய்வது. கம்பெனியில் எப்போதும் கையுறை இருந்ததால் அது எந்தப் பாகத்தையும் கெடுக்கவில்லை. என் பட்டறையில், என் சாமி படத்துக்குப் பக்கத்தில், யார் என்னைக் கேட்பது? பதிவைப் பார்த்த பிறகும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மிச்சமிருந்த தகட்டுத் துண்டை எடுத்து, பாதியை விளக்கின் எண்ணெய் ஒட்டிய விரலால் தொட்டு, மறுபாதியைத் தொடாமல் விட்டுப் பசை போட்டு ஒட்டினேன். இறுகியதும் தட்டினேன். தொடாத பக்கம் கணீர். தொட்ட பக்கம் தொப். வெட்கமாக இருந்தது. டாக்டர் வாங்கிய பாகங்களையெல்லாம் கொட்டகைக்குப் போய் மறுபடி தட்டிப் பார்த்தேன். அவற்றில் ஒட்டு வேலை இல்லாததால் எல்லாம் நன்றாகவே இருந்தன.

அடுத்த நாள் ஜாசினுக்குப் போனேன். அக்கா வாசல் கேட்டைத் திறந்தார். “பசியாறிட்டியா?” என்றுதான் முதலில் கேட்டார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என் கையில்தான் அக்கா, உங்கள் கையில் இல்லை என்றேன். அக்கா முழுவதும் கேட்டார்.

“இத சொல்லவா இவ்ளோ தூரம் வந்த? நான் இல்லன்னு எனக்குத்தான் தெரியுமே தம்பி. தெரியாதவரு டாக்டருதான். அவருகிட்ட சொல்லிட்டியா?”

“சொல்றேன் அக்கா.”

“சொல்லு. சொன்னப்புறம் வேலைக்கு வர்றேன்.”

நான்காவது பலகையை நானே செய்தேன். காலையில் இன்னொரு வாட்டி துடைத்தேன். முழுக்கக் கணீரென்றிருந்தது. கொட்டகையில் டாக்டர் தன் கையாலேயே காசை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, “யூ ஸீ, ஆளு மாத்தினதும் சரியாச்சுல்ல பாஸ்?” என்றார். சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஆனால் நான் தொட்டுத்தான் கெட்டது என்றால், நான் தொட்ட எல்லாவற்றையும் இந்த மனிதர் சந்தேகப்படுவாரே என்று தோன்றியது. சந்தேகப்படுகிறவன் எப்படியெல்லாம் யோசிப்பான் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? தலையை ஆட்டினேன்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, கடலோரத்தில் கார்பன் படகு செய்யும் ஓர் இடத்தில் துணி அடுக்க ஆள் தேடினார்கள். அக்கா போய்க் கேட்டிருக்கிறார். அதன் முதலாளி டாக்டருக்கு வேண்டியவர், அவரிடம் அக்காவைப் பற்றி விசாரித்திருக்கிறார். டாக்டர் பொய் சொல்லவில்லை, நான் சொன்னதைத்தான் சொன்னார். வேறொருவரை எடுத்த பிறகு இது எனக்குத் தெரியவந்தது. அக்கா இப்போது ஜாசினில் ஒரு ரொட்டிக் கடையில் பன்களை உறையில் போட்டு ஒட்டுகிறார். டாக்டரின் விமானம் சாயம் பூசி, அனுமதிக் காகிதங்களுக்காகக் கொட்டகையில் காத்திருக்கிறது. நான் எழுதிய அந்தப் பலகைதான் அதன் வாலில் அசைகிறது என்று பெருமைப்பட எனக்கு வாய் வரவில்லை. இனியும் மறைத்துவைக்க முடியாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இந்த இடத்தோடு முடித்திருந்தேன். அச்சுக்கு அனுப்புவதற்கு முன் அக்காவுக்குப் போன் போட்டு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். நடுவில் ஒரே ஒரு திருத்தம் சொன்னார். பலகையை ‘எழுதிய’ என்று படித்தேனாம், ‘செய்த’ என்று இருக்க வேண்டுமாம். திருத்துகிறேன் என்றேன், இன்னும் திருத்தவில்லை. வாசித்து முடித்ததும், ரொட்டிக் கடை இயந்திரத்தின் சத்தத்துக்கு நடுவே அக்கா கேட்டார்.

“டாக்டருக்குத் தமிழ் படிக்க வருமா தம்பி?”

டாக்டர் இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவார், ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அது எனக்கு முதல்நாளிலிருந்தே தெரியும்.

“வராது அக்கா.”

“அப்ப இத யாருக்கு எழுதுன?”

லைனிலேயே இருங்கள் அக்கா என்றேன். அவரை வைத்துக்கொண்டே டாக்டரின் எண்ணை அழுத்தி, இரண்டு அழைப்பையும் ஒன்றாக இணைத்தேன். மணி போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது மணியில் டாக்டர் எடுத்தார்.

“யெஸ் பாஸ்?”

“டாக்டர், அக்காவும் லைன்ல இருக்காங்க. அன்னிக்கு உங்க முன்னால அவங்க கை சரியில்லன்னு சொன்னேன்ல, அது என் கை டாக்டர்” என்றேன்.