ஒன்பது ரீவிகளில் அழுத அன்ரி

மெக்சிகோக்காரி இன்றைக்குப் பெரிய ஆள். ஐரோப்பாவில் எங்கேயோ ஒரு மண்டபத்தை முழுதாக அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள் என்று பேப்பரில் படித்தேன். படத்தில் தலைமயிரை ஒட்ட வெட்டி, கறுப்புச் சட்டை போட்டு, உலகத்துத் துக்கமெல்லாம் தன் தலையில்தான் என்பது மாதிரி நிற்கிறாள். ஸ்காபரோ ஃபக்டரி ஒன்றில் மூன்று வருஷம் என் பக்கத்துக் கதிரையில் இருந்து சேர்க்கிட் போர்டுகளுக்கு ஈயம் ஒட்டினவள் அவள். மத்தியானம் என் சோற்றுப் பெட்டிக்குள் கையை விட்டுக் கத்தரிக்காய்க் குழம்பை அள்ளித் தின்றுவிட்டு, உறைப்புக் காணாது என்று குறையும் சொல்லுவாள்.

அவள் கதையைச் சொல்ல வெளிக்கிட்டால் என்னுடைய கேவலத்தையும் சொல்ல வேண்டிவரும். அதனால்தான் இத்தனை வருஷமாக வாயைத் திறக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவள் ரொறன்ரோவுக்கு வந்தாள். மெக்சிகோ நகரத்தில் ஓவியம் படித்தவள். இந்த ஊர்க்காரன் ஒருவனை நம்பி வந்தாள், எட்டு மாதத்தில் அவன் ஆளை மாற்றிக்கொண்டான். திரும்பிப் போகச் சரியான வெட்கம். அதனால் ஃபக்டரிக்கு வந்தாள். அவளுக்கும் இங்கிலீஷ் அரைகுறை, எனக்கும் அரைகுறை. இரண்டு அரைகுறையும் சேர்ந்து எப்படியோ முழுசாகக் கதைத்தோம். என்னை அமீகா என்று கூப்பிடுவாள். அவளுடைய பாஷையில் சிநேகிதி என்று அர்த்தமாம்.

ஈயம் ஒட்டப் பழகியதும் அவளுக்கு விசர் பிடித்தது. வீதியில் எறிந்து கிடக்கிற பழைய ரீவி, ரேடியோ, ஆன்சரிங் மெஷின் எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வந்து தன் அறையில் அடுக்கினாள். ஒரு நாள் உடுப்புத் தோய்க்கிற கடை ஒன்றில் நாற்பது ஆன்சரிங் மெஷின்களை வைத்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பேச விட்டாள். அதுதான் அவளுடைய முதல் கண்காட்சி. பார்க்கப் போனவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் உடுப்புத் தோய்க்க வந்த சனம். ஒரு கிழவர் சத்தத்தை நிற்பாட்டு என்று கத்தினார். அவள் அன்றைக்கு என் தோளில் சாய்ந்து விக்கி விக்கி அழுதாள், எனக்கும் பாவமாக இருந்தது.

இரண்டாவது முறை மோசம் செய்தாள். எங்கள் ஃபக்டரி மேசைகளுக்குக் கீழே களவாகக் கமராவை வைத்துப் பெண்களின் கால்களைப் படம் பிடித்தாள். ஓட்டை விழுந்த சொக்ஸ், வெடித்த குதி, சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சொறிகிற விரல்கள். அதை ஒரு பழைய கராஜின் கூரையில் விழுத்திக் காட்டினாள். சும்மா கொடுக்கிற பேப்பர் ஒன்றில் நாலு வரி வந்தது. அடுத்த திங்கட்கிழமை அவளுக்கு வேலை போய்விட்டது. எங்கள் பெண்கள் என்னோடு ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, நான்தான் தங்களை அவளுக்குக் காட்டிக் கொடுத்தேன் என்று நினைத்தார்கள். அவளோ வேலை போன சந்தோஷத்தில் துள்ளினாள். "பேப்பரில் இதையும் எழுதுவார்கள் அமீகா!" என்றாள். எழுதினார்கள். வெட்கம் கெட்டவள் என்று ஏசினேன், ஆனால் அந்தப் பேப்பரை நானும் வெட்டி வைத்திருந்தேன்.

அப்போது நான் அஜின்கோர்ட்டில் ஒரு பேஸ்மென்ற்றில் இருந்தேன். கூட ஒரு அன்ரி. எனக்குச் சொந்தமில்லை, வாடகையைப் பங்குபோட வந்தவர். அன்ரிக்கு ஒரே மகன். அவனைக் கொழும்பில் ஒரு லொட்ஜில் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். இங்கே அகதிக் கேஸ் வென்று, மகனைக் கூப்பிட விண்ணப்பம் போட்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். அவனுக்குப் பதினெட்டு வயது. வயது ஏறினால் பிள்ளை என்ற கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்று யாரோ சொல்லிவிட, அன்ரிக்கு நித்திரையே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனோடு போனில் கதைப்பார். வைத்த பிறகு அழுவார். அந்த அழுகை சாதாரண அழுகை இல்லை. அடிவயிற்றிலிருந்து எழும்பி, நடுவில் மூச்சு நின்று, பிறகு ராகத்தோடு இறங்கும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு எரிச்சல்தான் வந்தது. கிழமை முழுக்க ஈயப் புகை குடித்துவிட்டு, ஒரு நாள் லீவிலும் இதைக் கேட்க வேண்டுமா என்று ரீவிச் சத்தத்தைக் கூட்டிவிடுவேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்சிகோக்காரி சோற்றுக்கு வந்தாள். படியில் பாதி இறங்கும்போது அன்ரி அழத் தொடங்கிவிட்டார். அவள் அங்கேயே நின்றுவிட்டாள். நான் கைகாட்டிக் கூப்பிடுகிறேன், அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள்.

"எனக்கு இது வேண்டும்," என்றாள்.

அன்ரி முதலில் மறுத்தார். "உவளுக்கென்ன விசரே? என்ர அழுகையைப் படம் பிடிச்சு என்ன செய்யப் போறாள்?"

அந்த இடத்தில் நான் விட்டிருக்கலாம். விடவில்லை. மெக்சிகோக்காரி என் கையைப் பிடித்து, உன்னுடைய பெயரும் சுவரில் இருக்கும் என்று சொல்லியிருந்தாள். ஃபக்டரியில் நம்பராக இருந்தவளுக்கு அது பெரிய காரியம்.

"அன்ரி, உந்தப் படத்தைப் பெரிய பெரிய ஆக்கள் வந்து பாப்பினம்," என்றேன். "இமிகிரேசன்ல இருக்கிறவையும் வருவினம். மகன்ர விஷயம் அவையின்ர காதில விழுந்தா நல்லது தானே?"

அன்ரி என் முகத்தைப் பார்த்தார். "மெய்யே பிள்ளை?"

"ஓம் அன்ரி. உங்கட அழுகையைக் கண்டா எவருக்கும் மனம் இளகும்."

புதன்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது அன்ரி சேலையை அயர்ன் பண்ணிக் கட்டி, முகத்துக்குப் பவுடர் பூசி, கதிரையில் நிமிர்ந்து இருந்தார். மெக்சிகோக்காரி யன்னலை என் போர்வையால் மூடிவிட்டுக் கமராவை ஓடவிட்டாள். அன்ரி அழவில்லை. மகனுடைய பெயர், பிறந்த திகதி, படித்த பள்ளிக்கூடம், விண்ணப்ப நம்பர், எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார். "மிச்சம் நல்ல பிள்ளை ஐயா. ஒரு சோலிக்கும் போகாதவன்," என்று கமராவைக் கும்பிட்டார்.

"இவள் செய்தி வாசிக்கிறாள்," என்று மெக்சிகோக்காரி என் காதில் சினந்தாள். "எனக்கு ஞாயிற்றுக்கிழமைக் குரல் வேண்டும். ஏதாவது செய்."

நான் செய்தேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. கமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அன்ரி, வேலையில ஒரு ஆள் சொன்னவ. நேற்றுக் கொழும்பில பொலிஸ் லொட்ஜ் எல்லாம் செக் பண்ணிப் பொடியளை ஏத்திக்கொண்டு போட்டாங்களாம். கேள்விப்பட்டனீங்களோ?" என்று கேட்டேன். அப்படி யாரும் சொல்லவில்லை. நானே கட்டின கதை.

அன்ரி என்னையே பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு தொடங்கினார். பதினொரு நிமிஷம். கதிரையிலிருந்து சரிந்து நிலத்தில் விழுந்து, நெற்றியைச் சீமெந்தில் மோதினார். நான் தூக்கப் போனேன். மெக்சிகோக்காரி கையை நீட்டி என்னை மறித்தாள், நானும் நின்றேன். முடிந்த பிறகு, என்ன சொன்னாய் என்று கேட்டாள். சொன்னேன். ஒரு கணம் அவளுடைய முகம் வெளிறியது. பிறகு குனிந்து, கமராவுக்குள் ரேப் சரியாக ஓடியதா என்று பார்த்தாள்.

பொழுதுபட நான் போய், "அது வேற லொட்ஜாம் அன்ரி, பயப்பிடாதேங்கோ," என்றேன். "ஓம் பிள்ளை," என்று அவர் அரிசி கழுவிக்கொண்டிருந்தார். நெற்றியில் வீக்கம் இருந்தது.

கண்காட்சி நகரத்தின் மேற்குப் பக்கம், ஒரு பழைய பண்டகசாலையில். அன்ரி பட்டுச்சேலை கட்டி, அதற்கு மேலே குளிருக்கு ஜக்கெட் போட்டுக்கொண்டு, கையில் தமிழ்க்கடைப் பையோடு வந்தார். பஸ், பிறகு சப்வே, பிறகு நடை. உள்ளே இருட்டில் ஒன்பது ரீவி. ஒன்பதிலும் அன்ரியின் முகம். பெயர், திகதி, பள்ளிக்கூடம், நம்பர் ஒன்றும் இல்லை. அவ்வளவையும் வெட்டி எறிந்திருந்தாள். அழுகை மட்டும், அவள் ஈயம் ஒட்டிச் செய்த குட்டி ஸ்பீக்கர்கள் வழியாகச் சுவரின் எல்லா மூலையிலிருந்தும் வந்தது. பிளாஸ்டிக் கப்பில் வைன் குடித்துக்கொண்டு சனம் நின்றது.

"நான் கதைச்சது எங்கை பிள்ளை?" என்று அன்ரி கேட்டார்.

"பிறகு வரும் அன்ரி."

அவர் காத்திருக்கவில்லை. கூட்டத்தில் ரை கட்டின, வெள்ளைத் தாடிக்காரர் ஒருவரிடம் நேரே போனார். பையிலிருந்து ஃபைலை எடுத்தார். எங்கள் ஆட்கள் எல்லாரிடமும் அப்படி ஒன்று இருக்கும், பிறந்ததிலிருந்து இடம்பெயர்ந்தது வரைக்கும் அவ்வளவும் பிளாஸ்டிக் உறைக்குள். ஆனால் அவற்றை வெளியே கொண்டு போவதென்றால் போட்டோகொப்பிதான். அன்ரி மூலப் பத்திரங்களையே கொண்டுவந்திருந்தார். பெரிய ஆட்களிடம் கொப்பியை நீட்டுவது மரியாதை இல்லையாம்.

"சேர், மை சன். ஓல் ஒரிஜினல்," என்றார்.

தாடிக்காரர் ரீவியைப் பார்த்தார், அன்ரியைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டது என்று நினைத்தார். இதுவும் கண்காட்சியில் ஒரு பகுதி. ஃபைலைப் பக்குவமாக வாங்கி, தலையை ஆட்டி ஆட்டி ஒவ்வொரு உறையாகப் பார்த்து, பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம் கொடுத்தார். மகனுடைய பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கையும் கிராமசேவகர் கடிதமும் வைன் கப்புகளோடு கைமாறின. சுற்றிவர வட்டமாக நின்றார்கள். அன்ரி ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டார். யாரோ கைதட்டத் தொடங்க, எல்லாரும் தட்டினார்கள். மெக்சிகோக்காரி நிற்பாட்டுவாள் என்று நினைத்தேன். அவள் படம் எடுக்கிறவனுக்குக் கண்ணைக் காட்டினாள்.

அந்த நேரம் சிவப்புச் சால்வை போட்ட ஒரு பெண், ஒரு பத்திரத்தை உறையிலிருந்து உருவி, நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள். சும்மா கொடுக்கிறார்கள் என்று நினைத்தாள் போல. நான் கண்டேன். பதிவாளரின் ஊதா முத்திரையையும் கண்டேன். ஆனால் மெக்சிகோக்காரி அப்போது என் முழங்கையைப் பிடித்து யாரோ பெரியவருக்கு முன்னால் நிறுத்தி, "இவள் இல்லாமல் இது இல்லை," என்றாள். அவர் குனிந்து, அந்த அழுகையில் என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். இந்த நாட்டில் ஒருவர் என்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்து நின்றது அதுதான் முதல் தடவை. நான் சொன்னேன். விஸ்தாரமாகச் சொன்னேன். திரும்பிப் பார்க்கச் சால்வைக்காரி போய்விட்டாள்.

பஸ்ஸில் அன்ரிக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. "எல்லாரும் வடிவா வாசிச்சவையெல்லோ? கையும் தட்டினவை. அலுவல் சரி போல. எத்தினை கிழமையில கடிதம் வரும் பிள்ளை?"

"ரெண்டு மாசம் செல்லும் அன்ரி."

மூன்றாவது கிழமையே கடிதம் வந்தது. மகனுடைய வயதை உறுதிப்படுத்தப் பிறப்புப் பத்திரத்தின் மூலப் பிரதியை அனுப்பச் சொல்லி. கண்காட்சியால்தான் வந்தது என்று அன்ரி என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். பிறகு ஃபைலைத் திறந்தார். கட்டிலைத் தூக்கினார், அரிசிப் பேணியைக் கொட்டினார், ஜக்கெட்டின் உட்துணியைக்கூடக் கிழித்துப் பார்த்தார்.

"அங்கை ஆராவது எடுத்ததைக் கண்டனீரோ பிள்ளை?"

"இல்லை அன்ரி."

மெக்சிகோக்காரிக்குப் போன் பண்ணி, சால்வைக்காரியைத் தேடிப் பார் என்று கெஞ்சினேன். அவள் நியூயோர்க் போகச் சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஒன்பது ரீவிக்குத்தான் அழைப்பு. "யாரோ ஒருத்தி அதைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். எவ்வளவு அழகு, அமீகா!" என்றாள். நாயே என்று தமிழில் ஏசிப் போனை அடித்து வைத்தேன். அவளை ஏசினால் என் பங்கு குறைந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

புதுப் பிரதி எடுக்க ஊரில் ஆளில்லை. பதிவுக் கந்தோர் இருந்த ஊரே சண்டையில் இடம்பெயர்ந்து கிடந்தது. லோயர் தவணை கேட்டார், கடிதம் போட்டார், தவணை முடிந்தது. கடைசியில் மகன், களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனோடு ரஷ்யப் பக்கத்தால் வெளிக்கிட்டான். மெக்சிகோக்காரி நியூயோர்க்கிலிருந்து பெர்லினுக்குப் போனாள் என்று கேள்வி. அவன் ஒரு எல்லையில் பனிக்காட்டுக்குள் நடக்கும்போது கால் விறைத்துப் பின்னுக்கு நின்றவன் பிறகு வரவேயில்லை. கூடப்போன பொடியன் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்த பிறகு, ஒரு காலமை அன்ரிக்குப் போன் எடுத்துச் சொன்னான்.

நான் வேலைக்குப் போகாமல் நின்றேன். இனி அந்த அழுகை வரும் என்று பயந்துகொண்டு நின்றேன். வரவில்லை. மத்தியானமளவில் அன்ரி என்னைக் கூப்பிட்டுக் கட்டிலில் பக்கத்தில் இருத்தினார்.

"அண்டைக்குக் கமராவுக்கு முன்னால, லொட்ஜில பொடியளைப் பிடிச்சிட்டாங்கள் எண்டு சொன்னனீரெல்லோ? அது பொய்யெண்டு எனக்கு அப்பவே தெரியும். அண்டைக்குக் காலமை நீர் வேலைக்குப் போன கையோட அவன் போன் எடுத்தவன். சுகமா இருக்கிறன் அம்மா எண்டவன்."

"பிறகு ஏன் அன்ரி அழுதனீங்கள்?"

"அழுதாத்தானே பெரிய ஆக்களுக்கு மனம் இளகும் எண்டனீர். பிள்ளைக்காக அழுதா நான் என்ன குறைஞ்சே போறன்?" சேலை மடிப்பைக் கையால் நீவிவிட்டார். "அந்தப் பொய் எனக்குத் தெரிஞ்சது பிள்ளை. இமிகிரேசன் ஆக்கள் வருவினம் எண்டதும் பொய்யெண்டுதான் தெரியேல்லை."

பிறகு எழும்பிப் போய் அடுப்பை மூட்டி, எனக்கும் தேத்தண்ணி போடவோ என்று கேட்டார். ஓம் என்றேன்.